தோண்டாமல் பார்ப்பது: மாந்தையும் ஒரு ரோமச் சாலையோர ஊரும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

2025 ஓகஸ்ட் மாதம் செம்மணியில் ராடார் கருவியால் நிலத்தை ஸ்கேன் செய்கிறார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், தோண்டாமலே உள்ளுக்கு என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" பக்கத்தில் இருந்த பிள்ளை உடனே சொன்னது: "ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் பண்ணுற மாதிரித்தான்." வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தப் பதில் பாதிக்கு மேல் சரி. மீதியை அடுத்த நாள் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து வாசிக்க வாசிக்க விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. கொட்டாஞ்சேனையில் பாடம் முடிந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும் அந்த ஒரு மணித்தியாலத்தில் பல நாட்கள் இதைத்தான் வாசித்தோம். வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

இந்த முறைக்குப் பெயர் புவிபௌதிக அளவீடு. இன்று இது மனிதப் புதைகுழிகளுக்கும் பயன்படுகிறது, எண்ணெய் தேடவும் பயன்படுகிறது. ஆனால் காந்த அளவீட்டைத் தொல்பொருள் தேடலுக்கு முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய கதை ஒரு வீதி அகலிப்பில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் வோட்டர் நியூட்டன் என்று ஒரு கிராமம். பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கம், நீன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ரோமர் ஆட்சியில் லண்டனிலிருந்து யோர்க்குக்குப் போன பெருவீதி அந்த வழியாகத்தான் போனது. வீதியின் இரண்டு பக்கமும் கடைகளும் பட்டறைகளும் வீடுகளும் முளைத்து, மெல்ல ஒரு சிறு நகரமானது. அதன் பழைய பெயர் டுரோபிரிவே. மன்னர் திட்டமிட்டுக் கட்டிய தலைநகரம் அல்ல. வீதியில் போவோர் வருவோரை நம்பிப் பிழைத்த ஊர். நம்முடைய ஏ9 வீதியில் சந்திக்குச் சந்தி கடை வைத்து வளர்ந்த ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் மட்பாண்டம் பிரித்தானியா முழுதும் விற்பனையானது. அதைச் சுட்ட சூளைகள் ஊரைச் சுற்றி வயல்களுக்குக் கீழே கிடந்தன.

ரோமர் போன பிறகு ஊர் அழிந்தது. கல்லை ஆட்கள் எடுத்துப் போனார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கலப்பை உழுதது. 1950களின் இறுதியில் அந்த வழியாகப் போகும் ஏ1 நெடுஞ்சாலையை இரட்டிப்பாக அகலிக்கத் திட்டம் வந்தது. இயந்திரங்கள் வந்தால் சூளைகள் எல்லாம் போய்விடும். முழு வயலையும் தோண்டிப் பார்க்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. கிரஹம் வெப்ஸ்டர் என்ற தொல்பொருளியலாளர் ஒக்ஸ்போர்டில் இருந்த மார்ட்டின் எய்ட்கின் என்ற பௌதிகவியலாளரிடம் உதவி கேட்டார். 1958இல் எய்ட்கின் ஒரு புரோட்டன் காந்தமானியுடன் அந்த வயலுக்குப் போனார். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் பூமியின் காந்தப் புலத்தை அளந்தார்கள். ஓரிடத்தில் எண் துள்ளியது. தோண்டினார்கள். சூளை இருந்தது.

எப்படி? இதை வகுப்பில் சொன்ன விதமாகவே சொல்கிறோம்.

களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. அதில் உள்ள மிகச் சிறிய காந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன் மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி. மண்ணை நன்றாகச் சுட்டால், சுமார் 600 பாகை செல்சியஸ் வரை, அந்த ஒழுங்கு முழுதும் கலைந்துவிடும். ஆறும்போது அந்த நேரத்துப் பூமியின் காந்தப் புலம் இழுத்த திசைக்கு எல்லாம் திரும்பி நின்றுவிடும். மணி அடித்ததும் எல்லாரும் ஒரு பக்கம் பார்த்து வரிசையாவதைப் போல. அதற்குப் பிறகு மறுபடி அப்படிச் சுடாத வரைக்கும் அந்த வரிசை கலையாது. ஆயிரம், இரண்டாயிரம் வருடமானாலும் அப்படியே இருக்கும். சூளை, செங்கல் சுவர், அடுப்பு எல்லாம் இப்படி மண்ணுக்குள் ஒரு சின்னக் காந்தமாகக் கிடக்கின்றன.

அந்தக் காந்தம் எவ்வளவு சின்னது என்றால், இங்கிலாந்தில் பூமியின் புலம் சுமார் 49,000 நனோடெஸ்லா. புதைந்த ஒரு குழி அதில் ஏற்படுத்தும் மாற்றம் சில நனோடெஸ்லாதான். சூளை என்றால் அதைவிடப் பல மடங்கு வரும். அளப்பவர் இடுப்புப் பட்டியில் இரும்புக் கொக்கி இருந்தால் கூட வாசிப்பு பிழைத்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம், எய்ட்கின் காலத்துக் கருவியின் உள்ளே இருந்த உணரி என்ன என்பதுதான். கம்பிச் சுருள் சுற்றிய ஒரு போத்தல் திரவம். தண்ணீரே போதும். தண்ணீரில் உள்ள ஐதரசன் கருக்கள் காந்தப் புலத்தில் பம்பரம் மாதிரி ஆடும் வேகத்தை அளந்து புலத்தின் வலிமையைக் கணித்தார்கள்.

இரண்டாவது முறை மின்தடை அளவீடு. நிலத்தில் கம்பிகளைக் குத்தி மின்னோட்டம் அனுப்புவது. ஈரமான மண்ணில் மின் இலகுவாக ஓடும், கல்லில் ஓடாது. கல் சுவர் இருக்கும் இடத்தில் தடை கூடும். மண் நிரம்பிய பழைய அகழி இருக்கும் இடத்தில் ஈரம் தங்கியிருப்பதால் தடை குறையும். இது காந்தமானியைவிட மூத்த முறை. 1946இல் இங்கிலாந்தின் டோர்செஸ்டர் என்ற ஊரில் ரிச்சர்ட் அட்கின்சன் இதைத் தொல்பொருள் தேடப் பயன்படுத்தினார்.

மூன்றாவதுதான் பிள்ளைகள் செய்தியில் கேட்ட தரையூடுருவும் ராடார். வானொலி அலையை நிலத்துக்குள் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்பது. சாதாரண மண்ணில் அந்த அலை ஒரு நனோசெக்கனில் சுமார் 10 சென்றிமீற்றர் போகும். நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும். வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போனால் கணினியில் அரை மீற்றர் ஆழத்தில் என்ன, ஒரு மீற்றரில் என்ன என்று பாணை வெட்டுவது போலத் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

இவ்வளவும் கருவியின் கதை. எங்களைப் பிடித்து நிறுத்தியது அடுத்த விஷயம்.

கல்லையே எடுத்துப்போய்விட்டால் என்ன செய்வது? சுவர் இல்லையே, கருவிக்கு எதைக் காட்டும்?

இத்தாலியில் ரோமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றரில் ஃபலேரி நோவி என்ற ஊர் இருந்தது. கி.மு. 241இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த மக்களை அடக்கிய பிறகு உருவான நகரம். அதுவும் ஒரு பழைய வீதியின் மேல் இருந்த ஊர்தான். கி.பி. 700 வரை ஆட்கள் இருந்தார்கள். இன்று மதிலும் ஒரு பழைய தேவாலயமும்தான் மேலே நிற்கின்றன. மற்றதெல்லாம் புல். கட்டடக் கல்லில் பெரும்பகுதி பிற்காலத்தில் பெயர்த்து எடுக்கப்பட்டுவிட்டது. கேம்பிரிட்ஜ், கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30.5 ஹெக்டயர் முழுதையும் ராடாரால் அளந்தார்கள். நான்கு சில்லு மோட்டார் வண்டியின் பின்னால் கருவியைக் கட்டி, 12.5 சென்றிமீற்றருக்கு ஒரு வாசிப்பு என்று எடுத்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. ஒரு மண்வெட்டி கூடப் படாமல் சந்தை, குளியல் மண்டபம், கோயில், தண்ணீர்க் குழாய்ப் பாதை என்று நகரத்தின் வரைபடமே வந்துவிட்டது.

கல் போன இடத்திலும் எப்படி வந்தது என்பதற்கு விடை எளிது. அத்திவாரக் கல்லைப் பெயர்ப்பவன் சுவரின் வழியே கிடங்கு வெட்டிக்கொண்டு போகிறான். கல் போன பிறகு அந்தக் கிடங்கில் வேறு மண் விழுகிறது. சுண்ணாம்புத் தூள், உடைந்த ஓடு, குப்பை எல்லாம் விழுகின்றன. சுற்றியிருக்கும் மண்ணும் அந்தக் கிடங்கு மண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. கல் போனாலும் கல் இருந்த வடிவம் நிலத்தில் இருக்கிறது. இதை வாசித்த இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் நம் பக்கத்துக்கு வருவோம்.

நேபாளத்தில் லும்பினிக்குப் பக்கத்தில் திலௌராகோட் என்ற இடம் இருக்கிறது. பழைய கபிலவஸ்து என்று பலர் கருதும் ஊர். அங்கே ரொபின் கொனிங்ஹாம், கோஷ் பிரசாத் ஆச்சார்யா ஆகியோர் தலைமையிலான குழு காந்தமானியால் அளந்தபோது, செங்கல் கட்டடங்களும் நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்ளும் வீதிகளும் நடுவில் மதில் சூழ்ந்த ஒரு வளாகமும் தெரிந்தன. தமிழ்நாட்டில் கீழடியில் தொல்லியல் துறை காந்தமானி, ராடார், ட்ரோன் ஆகியவற்றைப் பயன்படுத்தித்தான் எங்கே குழி போடுவது என்று பார்த்தது. கீழடியும் ஒரு வகையில் வழியோர ஊர்தான். மதுரையிலிருந்து வைகையை ஒட்டி அழகன்குளம் துறைமுகம் வரை போன பழைய வழியில் இருக்கிறது. நம் நாட்டில் அநுராதபுரத்தைச் சுற்றி 50 கிலோமீற்றர் வரையுள்ள கிராமப்புறத்தை 2005 முதல் 2009 வரை அதே கொனிங்ஹாமும் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரிஷாந்த குணவர்தனவும் ஆராய்ந்தார்கள். தலைநகருக்கு வெளியே சிறு நகரங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் கண்டது விகாரைகள். நிர்வாகம், நீர், நெல் எல்லாம் அந்த மடங்களைச் சுற்றியே இயங்கின என்பது அவர்களின் முடிவு.

இனி மாந்தை. மன்னார்த் தீவுக்குப் பாலத்தால் ஏறும் முன், பெருநிலப் பக்கம், திருக்கேதீச்சரக் கோயில் இருக்கும் இடம். மாதோட்டம், மகாதித்த, மாதோட்ட என்று தமிழிலும் பாளியிலும் சிங்களத்திலும் பெயர் உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மகாவம்சத்தில் விஜயனுக்குப் பாண்டி நாட்டிலிருந்து மணமகள் வந்து இறங்கிய துறை. அநுராதபுரத்துக்குப் போகும் பெருவழி இங்கிருந்து அருவி ஆற்றை ஒட்டித் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளத்தருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அகழ்வு செய்து பழைய குடியிருப்பு ஒன்றின் சுடுமண் உருவங்களை வெளிக்கொண்டு வந்தார்.

ரோமரோடு தொடர்பும் இந்தக் கரைக்கு உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கினார். அவர் சொன்னதைக் கேட்டு இலங்கை அரசன் கிளாடியஸ் பேரரசனிடம் தூது அனுப்பினான். அந்த ஹிப்புரோஸ் மன்னாருக்குத் தெற்கே உள்ள குதிரைமலை என்று பலர் கருதுகிறார்கள்.

மாந்தை மண்ணும் பேசியது. ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980 முதல் 1984 வரை அகழ்ந்தார்கள். சீனப் பாத்திரம், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகிட்ட பாத்திரம், கண்ணாடி மணி எல்லாம் வந்தன. நிலைமை மோசமாகி வேலை நின்றது. அவர்களின் அறிக்கை புத்தகமாக வர 2013 ஆனது. போர் முடிந்த பிறகு 2009-10இல் மறுபடி ஒரு சிறு அகழ்வு நடந்தது. மண்ணை நீரில் அலசிக் கருகிய தானியங்களைப் பொறுக்கினார்கள். கி.பி. 100-200 அளவில் கோதுமை. 600 அளவில் மிளகு. 650-800 அளவில் திராட்சை விதை. 900-1100 அளவில் ஒரேயொரு கராம்பு. கோதுமையும் திராட்சையும் அந்தக் காலத்தில் இந்த மண்ணில் விளைந்தவை அல்ல. கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். கராம்பு அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்தது. நாங்கள் புரியாணியில் போட்டு, சாப்பிடும்போது ஒதுக்கி வைக்கிறோமே, அந்தக் கராம்பு. அப்படி ஒருவர் மாந்தையில் தவறவிட்ட ஒன்று ஆயிரம் வருடம் இருந்திருக்கிறது.

ஆனால் மாந்தை காயப்பட்ட இடம். பதினோராம் நூற்றாண்டுக்குப் பிறகு துறைமுகம் கைவிடப்பட்டது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டும்போது திருக்கேதீச்சரத்தின் கற்களைக் கொண்டுபோனதாக ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். 1887இல் போக் என்ற ஆங்கில அதிகாரி முதலில் கிண்டிப் பார்த்தார். பிறகு போர் வந்தது. இன்றும் பெரும்பகுதி தோண்டப்படாமல் கிடக்கிறது. தோண்டுவது என்பது ஒரு முறை மட்டும் செய்யக்கூடிய வேலை. ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டே பக்கத்தைக் கிழித்து எறிவது மாதிரி. ஆகவே இப்படியான இடத்துக்குத் தோண்டாமல் பார்க்கும் முறை மிகவும் பொருத்தம்.

பொருத்தம், ஆனால் இலகு இல்லை. மூன்று தடைகள் இருக்கின்றன. பௌதிகவியல் படிக்கும் உயர்தரப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

ஒன்று, பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையும் இலங்கையின் வடபகுதியும் இருக்கும் பக்கமாகப் போகிறது. இங்கிலாந்தில் காந்தப் புலம் செங்குத்துக்கு நெருங்கிய சாய்வில் நிலத்துக்குள் இறங்குகிறது. மன்னாரில் அது கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. அளவும் குறைவு, சுமார் 40,000 நனோடெஸ்லா. இதனால் வடக்கு தெற்காக ஓடும் நீளமான சுவரோ அகழியோ காந்தமானியில் மங்கிவிடும்; முனைகள் மட்டும் தெரியலாம். கிழக்கு மேற்காக ஓடுவது தெளிவாகத் தெரியும். அங்கே எழுதிய கையேட்டை இங்கே அப்படியே வைத்து வாசித்தால் பாதி ஊர் காணாமல் போகும்.

இரண்டு, கடற்கரை உப்பு. உப்பு நீர் ஊறிய மண் ராடார் அலையைக் குடித்துவிடும். களிமண்ணும் அப்படித்தான். ஆழம் போகாது.

மூன்று, போரின் இரும்பு. ஷெல் துண்டு, முள்ளுக்கம்பி, ரவைக் கோது. ஒரு ஆணி கூட ரோமர் காலத்து அடுப்பைவிடப் பெரிதாகச் சத்தம் போடும். முப்பது வருடப் போர் இரண்டாயிரம் வருட வரலாற்றின் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் ஒரே கருவியை நம்பாமல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒன்று மறைப்பதை மற்றது காட்டும்.

இனி அந்த நித்திரை வராத இரவைப் பற்றிச் சொல்கிறோம்.

எங்கள் குடும்பத்தின் ஊர் விடத்தல்தீவு. மாந்தைக்கு வடக்கே, கடலோரம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சுமார் 75,000 பேரில் நாங்களும் இருந்தோம். அப்போது எங்களுக்குத் தவழ்ந்து முடிந்த வயது. ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டிலில்தான் எழுத்துப் படித்தோம். "ஊர்" என்பது உம்மாவும் வாப்பாவும் சொல்லும் கதை.

2011இல் வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைக் காட்டுவதற்கு. அங்கே வீடு இருக்கவில்லை. ஓடு, கதவு, ஜன்னல், நிலை எல்லாம் போய், பிறகு கல்லும் போயிருந்தது. பற்றைக்காடு. வாப்பா கிணற்றைக் கண்டுபிடித்தார். கிணற்றிலிருந்து காலால் அளந்து நடந்தார். "இது விறாந்தை. இது பெரியறை." எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புல்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது ஒரு நேர்க்கோட்டில் மட்டும் புல் வேறு நிறமாக இருந்தது. சற்றுப் பள்ளமாகவும் இருந்தது. அத்திவாரக் கல்லைப் பெயர்த்த கிடங்கு அது. அப்போது அதற்குப் பெயர் இருக்கிறது என்று தெரியாது. உம்மா ஒரு மூலைக்குப் போய்க் குந்தி, தடியால் மண்ணைச் சுரண்டினார். ஒரு சாண் கீழே மண் சிவப்பாக வந்தது. "அடுப்படி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூத்தம்மா காலத்திலிருந்து அந்த இடத்தில் எரிந்த நெருப்பு.

சில மாதங்களுக்குப் பிறகு, ஓர் அலுவலகத்தில் அந்தக் காணி எங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். உறுதி ஓடும் வழியில் தொலைந்திருந்தது. அத்தாட்சி நிலத்துக்குள் இருந்தது. அதை எப்படி ஒரு மேசையில் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் ஃபலேரி நோவியை வாசித்தபோது நித்திரை போனது. கல்லை எடுத்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். அடுப்பு எரிந்த மண் தன் திசையை மறக்கவில்லை என்பது கவிதை அல்ல, பௌதிகவியல். உம்மாவின் அடுப்படியும் டுரோபிரிவேயின் சூளையும் ஒரே விதியின்படிதான் நிலத்தில் கிடக்கின்றன.

ஆனால் ஆசிரியராக ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது. கருவி வடிவத்தைக் காட்டும். வயதைச் சொல்லாது. யாருடையது என்று சொல்லவே சொல்லாது. திரையில் சுவர் தெரிந்தவுடன் "இது எங்கள் கோயில்", "இது எங்கள் விகாரை", "இது எங்கள் பள்ளி" என்று ஓடும் நாடு இது. நாங்களும் அதற்கு விதிவிலக்கு இல்லை. மாந்தையில் அரபு நாட்டுப் பாத்திரம் வந்தது என்று வாசித்ததும் எங்களுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததே, அது என்ன?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. உள்பக்கத்தில் பல்சக்கரத்தால் குத்திக் கோலம் வைத்த ஒரு வகை மெல்லிய மட்பாண்டம் உண்டு. அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மோர்டிமர் வீலர் அதை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்று கருதினார். பல வருடம் எல்லாரும் அதை ரோமரின் அடையாளமாகவே எழுதினார்கள். பிறகு களிமண்ணைப் பரிசோதித்தபோது அது இந்தியத் துணைக்கண்டத்தில் செய்தது என்று தெரிந்தது. அநுராதபுரத்திலும் கீழடியிலும் அதே வகை இருக்கிறது. பெரிய அறிஞரே அவசரப்பட்டால் பிழைக்கும்.

மாந்தையின் தானியங்களுக்கும் வருவோம். கோதுமை சாப்பிட்டவர், நெல் சோறு சாப்பிட்டவர், மிளகு விற்றவர், திராட்சை கொண்டுவந்தவர் எல்லாரும் ஒரே மண்மேட்டில் இருந்திருக்கிறார்கள். துறைமுகமும் வழியோர ஊரும் அப்படித்தான். அங்கே ஒருவர் மட்டும் இருந்தால் வியாபாரமே நடக்காது.

அடுத்த நாள் வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்து, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்தவர்களிடம், அவர்கள் பிறந்த வீட்டின் தரை வரைபடத்தை வரைந்து தரச் சொல்லிக் கேளுங்கள். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, அடுப்பு எங்கே. சுவர் வேண்டாம், தரை மட்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வகுப்பில் எல்லா ஊரும் இருக்கிறது. யாழ்ப்பாணம், மலையகம், மூதூர், மன்னார், இங்கேயே பிறந்தவர்களும். 34 வரைபடம் வந்தது. அதில் 19 வீடுகள் இன்று இல்லை. ஷெல்லில் போனவை, கடலில் போனவை, லயத்தை உடைத்துப் புதிதாகக் கட்டியவை, கொழும்பில் மாடிக் கட்டடத்துக்காக இடித்தவை. ஆனால் 34 வரைபடத்திலும் அடுப்பின் இடம் சரியாகக் குறித்திருந்தது. ஒரு பாட்டி அடுப்பை மட்டும் வரைந்து, மற்றதை மறந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தப் பதிவை வாசிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

உங்கள் காணியிலோ வயலிலோ பழைய செங்கல், ஓட்டுத்துண்டு, நாணயம் தென்பட்டால் கிண்டாதீர்கள். புதையல் என்று யாராவது கருவியோடு வந்தால் நம்பாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். அதைவிட முக்கியம், எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது ஒருமுறை குழம்பினால் திரும்ப வராது. இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகோ ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். தரையை வரையச் சொல்லுங்கள். திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருவி வடிவத்தைக் காட்டலாம். அந்த வடிவத்துக்குள் யார் எங்கே படுத்தார்கள் என்று சொல்ல அவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வாப்பா வரைந்ததைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். கிணற்றிலிருந்து அடுப்படிக்குப் பதினேழு அடி என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். காணி விஷயம் இன்னும் முடியவில்லை. இன்ஷா அல்லாஹ், முடியும்.

உங்கள் வீட்டு வரைபடத்தில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.